பிடரிக் கண்ணாடி

முடிவெட்டுகிறவனுக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: எப்படி வெட்டணும்? நாற்காலியில் ஏறி உட்காருகிறவர்களில் பாதிப் பேர் "உங்க இஷ்டம்" என்பார்கள். அவர்களை நம்பவே கூடாது. என் இஷ்டத்துக்கு வெட்டினால் அடுத்த நிமிடமே முகம் தொங்கிப்போகும். மீதிப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி அச்சு அசலாக இதுமாதிரி வேண்டும் என்பார்கள். படத்தில் இருக்கிறவனுக்குத் தலை கொள்ளாத முடி. இவருக்கு நெற்றி உச்சந்தலை வரைக்கும் ஏறியிருக்கும். கடைசியில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் பார்ப்பதில்லை. பிடிக்காதவர்தான் இன்னும் பலமாக ஆட்டுவார், "சூப்பர்" என்றும் சொல்வார். அதற்கப்புறம் என் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

இதைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. மனசு கெட்டுப்போய் நான் ஆலோசனைக்குப் போனபோது, நாற்காலியில் உட்காருகிற முறை எனக்கு வந்தது.

பக்கத்து பேக்கரிக்காரர் தினமும் காலையில் முதல் ஆளாக ஷேவிங்குக்கு வருவார். விடியுமுன்பே அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன். நுரை போட்டதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஒருநாள் அவர் தாடையை நிமிர்த்திக் கத்தியைத் தொண்டைமேல் வைத்தபோது ஒரு நினைப்பு வந்தது. இப்போது கொஞ்சம் அழுத்தினால்? அவ்வளவுதான். என் சொந்தக் குரலிலேயே வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. பாதி முகத்தில் நுரையோடு அவரை எழுப்பி, எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முதல் ஷேவிங் கிடையாது, மெஷின் மட்டும்தான் என்று கடையில் சொல்லிவிட்டேன். கத்திகளை டப்பாவில் போட்டு அலமாரிமேல் ஏற்றினேன். எப்போதும் என் வாய் ஓயாது. அது தாங்காத ஒரு வாடிக்கைக்காரர், "காலங்காத்தால கழுத்தறுக்காதப்பா" என்று சிரித்தார். நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தியை ஒளிக்கலாம், நினைப்பை எங்கே ஒளிப்பது? அது என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது.

வீட்டில் குட்டி இருந்தாள். பிறந்து சில மாதம்தான். கழுத்து எங்கே என்று தேட வேண்டிய அளவுக்கு மடிப்பு மடிப்பாகச் சதை. குளிப்பாட்டிவிட்டு அந்த மடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நினைப்பு அங்கேயும் வந்து நின்றது. துணியைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படி நினைக்கிறவனும் ஒரு மனுஷனா?

அதற்கப்புறம் அவளைத் தூக்குவதில்லை. மனைவி நீட்டினால், சட்டையெல்லாம் முடித்துணுக்கு, குழந்தைக்குக் குத்தும் என்பேன். நம்பக்கூடிய காரணம்தான், எங்கள் தொழிலில் துணுக்கு பனியனுக்குள்ளே வரைக்கும் போய்விடும். அவளும் நம்பினாள். சில நாளில் வாசல் கதவருகே துவைத்த சட்டை ஒன்று மாட்டியிருந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். குளித்துவிட்டு வந்து, தூக்கம் வருகிறது என்றேன். சமையலறைக் கத்தியை எடுத்துப் பரணில் போட்டேன். அவள் நாள் முழுக்கத் தேடினாள். கடைசியில் வேலை அதிகம் என்று சொல்லிக் கடையிலேயே படுக்க ஆரம்பித்தேன். பெண் குழந்தை என்று மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா என்று என் மாமியார் போனில் கேட்டாராம். மனைவி அதை என்னிடம் அப்படியே சொன்னாள்; சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொல்வதற்கு அது எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனைப் பிரிவு மாடியில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் ஆண் ஆலோசகர் வேண்டுமா, பெண் வேண்டுமா என்று கேட்டாள். ஆண், அதுவும் வயதானவராக, என்றேன். வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கக்கூடிய ஒரு பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது?

பெரியவர் தங்கமான மனிதர். உங்களுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நீ அதைச் செய்யமாட்டாய். கேட்டேன், கொடுத்தார். "உங்களை மாதிரி ஆளால அப்படியெல்லாம் செய்யவே முடியாது, தைரியமா போங்க" என்றார். சுட்ட கையில் பச்சைத் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. மாடிப்படி இறங்கினேன், சாலையைக் கடந்தேன், பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அங்கே நிற்கும்போது கேள்வி வந்தது: என் மனசுக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டேனா? திரும்ப மாடி ஏறினேன்.

அவர் பாவம், போன் நம்பரையும் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. சாப்பிடும்போது கூப்பிட்டேன், கடையை மூடும்போது கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஆனால் அது வரவரச் சீக்கிரமாகத் தீர்ந்துபோனது; போனை வைப்பதற்குள்ளேயே அடுத்த சந்தேகம் நின்றது. அவர் குரலில் களைப்பு தெரிந்தது. ஒருநாள் அவர், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பலமாகத் தலையாட்டி, "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அதோடு சரி. அவர் நான் குணமாகிவிட்டேன் என்றே நினைத்திருப்பார்.

நிஜத்தில் அப்போதுதான் நான் அதலபாதாளத்தில் கிடந்தேன். நான் இல்லாமல் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த யோசனையில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். மறுபடி ஆஸ்பத்திரி மாடி ஏறினேன். ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் என்றேன்.

ஒரு அம்மா வந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனால் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. மனசுக்குள் டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று முதலிலேயே நேராகக் கேட்டார். தோன்றுகிறது என்றேன். அதைப் பற்றி நிறையக் கேட்டார், அப்படித் தோன்றினால் உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்புறம்தான், எப்படிப் பேசினால் எனக்குச் சவுகரியமாக இருக்கும் என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே எரிச்சலாக இருந்தது.

"என் இஷ்டத்துக்குச் செஞ்சா, பிடிக்கலைன்னா சொல்லாம போயிடுவீங்க. ஏற்கனவே ஒருத்தர்கிட்ட போயிட்டு நின்னுட்டீங்கல்ல. அங்க என்ன பிடிக்கல?"

வசமாக மாட்டிக்கொண்டேன். சொன்னேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் எனக்கு நாக்கு எழாது. நான் ஆட்களோடு பேசுவது நின்றுகொண்டு, அவர்கள் தலைக்குப் பின்னால், கண்ணாடியில் முகம் பார்த்து. கையும் சும்மா இருக்கக் கூடாது. எழுதிக்கொண்டே கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. இதையெல்லாம் அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் பேனாவை மேஜை இழுப்பறையில் போட்டார். நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த கட்டிடம் ஒட்டி இருந்ததால் ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. அடுத்த தடவை கைக்கு வேலை கொண்டுவாருங்கள் என்றார். கடையில் துவைத்த துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். அவர் பின்னால் நின்று ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே, பேக்கரிக்காரர் தொண்டையிலிருந்து குட்டியின் கழுத்து வரைக்கும், பெரியவரின் வாக்கியம் பஸ் ஸ்டாப்பிலேயே தீர்ந்துபோனது வரைக்கும் சொல்லி முடித்தேன். ஜன்னலில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் சுளிக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சமும் முன்னால் நகர்த்திக்கொள்ளவில்லை.

இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் என்றார். இந்த மாதிரி கண்ட நினைப்பு எல்லோருக்கும் வந்து போகும், நான் மட்டும் அதன் சட்டையைப் பிடித்து நீ யார், ஏன் வந்தாய் என்று விசாரிக்கிறேன், அதனால்தான் அது போகமாட்டேன் என்கிறது என்றார். நினைப்பு என்பது ஆசை இல்லை என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை போதும் என்றேன்.

மாட்டேன் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. எனக்கு எது சவுகரியம் என்று நீங்கள்தானே கேட்டீர்கள், கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதற்கு எதற்கு அந்தக் கேள்வி என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஜன்னலிலேயே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எப்படி நிக்கணும், எதை முதல்ல ஆரம்பிக்கணும், எவ்வளவு வேகமா போகணும், எல்லாம் நீங்க சொல்றதுதான். இது ஒண்ணு மட்டும் தரமாட்டேன். தந்தா பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வரும்னு நீங்களே சொன்னீங்க."

நேரம் முடிந்தபோது, இன்றைக்கு எது சரியாக இல்லை என்று கேட்டார். எல்லாம் சரி என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். பிடரிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் நான் யாருக்கும் நின்றதில்லை. "நீங்கதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். ஒருவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. "சரி. அடுத்த வாரம் வந்து மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நடக்கும்போதே ஒருவர் ஞாபகம் வந்து தொலைத்தது. தலையெல்லாம் புண்ணோடு வந்து மழுங்கச் சிரைத்துவிடு என்று அடம்பிடித்தவர். மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். அவரும் என்னை இப்படித்தான் திட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் போனேன்.

பயந்து ஒதுங்குகிற வேலையையே செய்து பழக வேண்டும் என்றார் டீச்சரம்மா. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றபோது, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருவதிலிருந்து என்றார் அவர். நான் பேக்கரிக்காரரிடமிருந்து என்றேன். அவசரப்படுகிறீர்களோ என்று கேட்டார். ஆமாம், எனக்கு அவசரம் என்றேன். அதற்குமேல் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நினைப்பு வரும்போது அதோடு வாதாடக் கூடாது, செய்யமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்யக் கூடாது, அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்க வேண்டும்.

பேக்கரிக்காரர் வழக்கம்போலத் தூங்கினார். கத்தி தொண்டையில் பட்டதும் நினைப்பு வந்தது, வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. நான் வாதாடவில்லை. ஷேவிங் முடிந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இத்தனை நாள் லீவு போட்டு தொழிலையே மறந்துட்டியேப்பா, இந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கு" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கடையில் அப்படி. வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. குட்டி தவழ ஆரம்பித்திருந்தாள். என் காலைப் பார்த்து வந்தால் நான் அடுத்த அறைக்குப் போவேன். மனைவியிடம் சொல்லலாமே என்று டீச்சரம்மா கேட்டார். வேண்டாம், அது மட்டும் வேண்டாம் என்றேன். சொல்வதும் சொல்லாததும் என் விருப்பம் என்று விட்டுவிட்டார். அவர் வற்புறுத்தியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனபோது கதவருகே ஒரு பெட்டியும் குட்டியின் மெத்தையும் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நாளைக்கு அம்மா வருகிறார், நானும் குழந்தையும் போகிறோம் என்றாள் மனைவி. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவள் மெத்தையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். குட்டி கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவியின் முடி காடாக வளர்ந்து கிடந்தது. எப்போதும் நான்தான் வெட்டுவேன், குழந்தை பிறந்ததிலிருந்து கைவைக்கவே இல்லை.

போகிறதுக்கு முன்னால் முடியை வெட்டிவிடட்டுமா என்றேன். பைத்தியமா என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அலமாரிக் கண்ணாடி முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

பழைய சேலையை அவள்மேல் போர்த்தினேன். எப்படி வெட்டணும் என்று கேட்டேன். "தோள் வரைக்கும். உங்க இஷ்டத்துக்கெல்லாம் வேண்டாம்" என்றாள். முடியை நனைத்து, சீவி, கத்தரியை எடுத்தேன். பாதி வெட்டியபோது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

"குட்டியை எனக்குப் பிடிக்காம இல்ல" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பரணில் இருக்கிற கத்தியையும் சொன்னேன்.

கத்தரி அவள் பிடரி அருகில்தான் இருந்தது. அவள் எழுந்தாள். போர்த்திய சேலையோடு கட்டிலுக்குப் போய்க் குட்டியை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அந்த ஒதுங்கலைப் பார்ப்பதற்குப் பயந்துதான் நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. பார்த்துவிட்டேன். கத்தரியை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். வாசலில் மாட்டியிருந்த சட்டையையும் பார்த்தாள். இதனால்தானா எல்லாம் என்றாள். ஆமாம் என்றேன். கடையில் படுத்ததுமா? ஆமாம். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

"ஏங்க, நீங்க போய் அப்படி..."

"சொல்லாத. செய்யமாட்டீங்கன்னு மட்டும் சொல்லிடாத. சொன்னா நாளைக்கும் கேப்பேன். தினம் கேட்டு உன் உயிரை எடுப்பேன்."

"அப்ப நான் என்னதான் சொல்லட்டும்?"

அதை டீச்சரம்மாவிடம் நான் கேட்டு வைக்கவில்லை. தெரியாது என்றேன்.

அவள் தூங்குகிற குட்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சுவரோரமே நின்றாள். பிறகு குட்டியைக் கட்டிலில் விட்டு, தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் கட்டில் தெரிகிறதா என்று பார்த்துத்தான் உட்கார்ந்தாள். "பாதியிலேயே நிக்குது. வெட்டி முடிங்க" என்றாள். அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே வெட்டினேன். முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தேன். அவள் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் கோணலாக இருக்கிறது என்றாள். நேராக்கினேன். மறுபடியும் பார்த்துவிட்டு, இப்போது சரி என்றாள்.

பேச்சுச் சத்தத்தில் குட்டி விழித்துச் சிணுங்கினாள். மனைவி சேலையை உதறிப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். குழந்தையைத் தன் உடம்பில் படாமல் இரண்டு கையாலும் தூக்கி என் முன்னால் நீட்டினாள்.

"என் மேல பூரா முடி. அவளுக்குக் குத்தும். பிடிங்க, குளிச்சிட்டு வர்றேன்."

பிடித்தேன். கனமாக இருந்தாள், இவ்வளவு கனம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு எதையோ சொல்ல அசைந்தது, சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. குழாய்ச் சத்தம் கேட்டது.

கத்தரி அலமாரித் தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. குட்டி என் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முயன்றாள். கழுத்து மடிப்பில் பால் வழிந்து காய்ந்திருந்தது. நினைப்பு வந்தது. என் குரலிலேயே வந்து, பதிலுக்கு நின்றது. கதவைத் தட்டி அவளைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது, கூப்பிடவில்லை. ஈரத்துண்டு ஒன்றை எடுத்து, அழுதுகொண்டே, என் மகளின் கழுத்தைத் துடைத்தேன்.